சாம்பாரில் கரையாத மாத்திரை

(குடிநோய், போதைச் சார்பு சிகிச்சை பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



'போதையின் தீமைகள்' என்று தலைப்புப் போட்டு அழைப்பிதழ் அடித்துவிடட்டுமா என்று அறக்கட்டளையினர் தொலைபேசியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தீமை தெரியாமல் யாரும் குடிப்பதில்லை. 'குடி உடம்புக்கு ஆகாதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்' என்று சொன்ன ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. தெரிந்தும் விட முடியவில்லை என்பதற்குப் பெயர்தான் நோய். நோய்க்கு என்ன வைத்தியம் என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவர் இல்லை. மனநலச் சமூகப் பணியாளர். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்குக் கிடையாது. பேசுவதுதான் என் பிழைப்பு. பேசிப் பிழைத்தவன் மாத்திரைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் ஓய்ந்த நேரம். ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். கைப்பைக்குள்ளிருந்து துணியில் முடிந்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மாத்திரை அட்டை. பத்தில் நான்கு குழி காலி. 'தினமும் பாதி மாத்திரையக் கரண்டியால நசுக்கி சாம்பார்ல கலந்துடுவேன் சார். அவருக்குத் தெரியாது. மருந்துக் கடையில குடுத்தாங்க.' அவருடைய கணவர் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு ரவுண்டு போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முகம் செக்கச்செவேல் என்றாகி, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி விழுந்திருக்கிறார். மாரடைப்பு என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் ஓட்டல். குடி நிற்கவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: 'கலந்தா தெரியாத மாதிரி வேற மாத்திரை ஏதாவது இருக்கா சார்?'

அந்த மாத்திரைக்கு டைசல்ஃபிரம் என்று பெயர். நாம் குடிக்கும் மதுவைக் கல்லீரல் இரண்டு படியில் உடைக்கிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும்; இரண்டாம் படியில் அது தீங்கற்றதாக மாறும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. நச்சு உடம்பிலேயே தேங்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம். இதயக் கோளாறோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்குத் தெரியாமல் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை வேடிக்கையானது. 1937இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் ஆலை மருத்துவர், இதே குடும்பத்து ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போவதைக் கவனித்து எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எரிக் யாக்கப்சன், யென்ஸ் ஹால்ட் என்ற இருவர் டைசல்ஃபிரத்தைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, மது தொட்ட நாள்களைத் தவிர. 1948இல் இது மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. குடியை நிறுத்தும் மந்திர மாத்திரை கிடைத்துவிட்டது என்று கொண்டாடினார்கள். ஆரம்ப காலத்தில் அதிக அளவு கொடுத்து, மருத்துவமனையிலேயே மதுவும் ஊற்றிக் கொடுத்து, 'குடித்தால் இப்படித்தான் ஆகும், பார்த்துக்கொள்' என்று பயம் காட்டினார்கள். சிலர் இறந்தும் போனார்கள். பிறகுதான் அளவு குறைந்தது.

மந்திரம் எவ்வளவு பலித்தது? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1986இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முழு அளவு, ஒரு பிரிவுக்குப் பெயருக்கு ஒரு துளி, மூன்றாம் பிரிவுக்கு வெறும் வைட்டமின். முழுமையாகக் குடியை நிறுத்தியவர்கள் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எந்தப் பிரிவாக இருந்தாலும், கொடுத்ததை ஒழுங்காக விழுங்கியவர்கள் விழுங்காதவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். வைட்டமின் சாப்பிட்டவர்கள் உட்பட! பலர் ஒழுங்காக விழுங்கவே இல்லை என்பது இன்னொரு செய்தி.

சரி, ஒழுங்காக விழுங்க வைப்பது எப்படி? நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வை என்னிடம் பயிற்சிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைப்பேன். அவர் செய்தது எளிய ஏற்பாடு. கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கண்ணெதிரே மாத்திரை போடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். போட மறந்தால் மனைவி என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொன்னால் சண்டை வராது என்பதை நடித்தே பழகினார்கள். திருமணமானவர்களுக்கு இந்த ஏற்பாடு ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. தனி ஆள்களுக்குப் போதவில்லை. அவர்களுக்கு வேலை தேடித் தருவது, குடிக்காத நண்பர்களைச் சேர்த்துவைப்பது என்று இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த அம்மா வீட்டிலும் இதே மாத்திரைதான், பக்கத்தில் இருந்ததும் மனைவிதான். ஒளித்துக் கொடுத்தபோது அது விஷம் வைத்த கதையாகிவிட்டது. தெரிந்து, ஒப்புக்கொண்டு, கண்ணெதிரே போட்டிருந்தால் சிகிச்சையாகியிருக்கும். நடுவே தேவைப்படுவது நாலு முறை உட்கார்ந்து பேசும் பேச்சு. மருந்தும் கவுன்சலிங்கும் சேர்ந்த சிகிச்சை என்று புத்தகத்தில் பெரிதாக எழுதியிருப்பார்கள். என் அறையில் அது இவ்வளவு சின்ன விஷயமாகத்தான் நடக்கும்.

இந்த இடத்தில் தமிழாசிரியர்களுக்காக ஒரு வார்த்தை. கவுன்சலிங் என்பதை நாம் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். முதலில் அந்தச் சொல் எனக்குச் செயற்கையாகப் பட்டது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வழியில் வாடி வருகிறவனைப் பார்த்து, 'நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இன்ன வழியாகப் போ' என்று சொல்வதே அவற்றுள் பலவற்றின் அமைப்பு. மலைபடுகடாம் வழியில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதுவரை சொல்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குடியிலிருந்து மீண்டவர் எழுந்து இன்னும் மீளாதவருக்குச் சொல்வது அப்படியே இந்த அமைப்புத்தான். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியதற்கு நம்மிடம் பழைய பெயர் தயாராக இருந்திருக்கிறது.

இனி வேறு மாத்திரை. நால்ட்ரெக்சோன். மது உள்ளே போனால் மூளை தன்னுடைய சொந்த அபினைச் சுரக்கிறது. குடியின் இன்பத்தில் ஒரு பங்கு அதுதான். அந்தச் சுரப்பு போய் உட்காரும் இருக்கைகள் மூளையில் உண்டு. நால்ட்ரெக்சோன், பேருந்து கிளம்பும் முன்பே சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல. தானும் உட்கார மாட்டார், அடுத்தவரையும் உட்கார விட மாட்டார். முதல் கிளாஸ் அடித்தாலும் 'சப்'பென்று இருக்கிறது என்பார்கள் நோயாளிகள். அமெரிக்காவில் 1984இல் அபின் வகைப் போதைக்கும் 1994இல் குடிக்கும் இது அனுமதி பெற்றது. ஹெராயினோ அதன் உறவு மாத்திரைகளோ உடம்பில் இருக்கும்போது இதைக் கொடுத்துவிடக் கூடாது. உட்கார்ந்திருப்பவரைப் பிடித்துத் தள்ளியதுபோல் கடுமையான வேதனை வரும்.

நால்ட்ரெக்சோனும் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று 'கம்பைன்'. 11 மையங்கள், 1383 பேர், 16 வாரச் சிகிச்சை, 2006இல் வெளியானது. என் தொழிலுக்கு அது இனிப்பும் கசப்பும் தந்தது. சிகிச்சைக் காலத்தில் குடிக்காமல் இருந்த நாள்கள் நூற்றுக்கு எத்தனை? போலி மாத்திரையோடு மருத்துவப் பணியாளரைப் பார்த்துவந்தவர்களுக்கு 75.1. நால்ட்ரெக்சோனோடு பார்த்துவந்தவர்களுக்கு 80.6. போலி மாத்திரையோடு முறையான கவுன்சலிங்கும் பெற்றவர்களுக்கு 79.2. நால்ட்ரெக்சோன், கவுன்சலிங் இரண்டும் பெற்றவர்களுக்கு 77.1. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு என்ற நம் கணக்கு அங்கே பலிக்கவில்லை. அகாம்ப்ரோசேட் என்ற, ஐரோப்பாவில் பேர் வாங்கிய மாத்திரை அந்த ஆய்வில் ஒன்றும் செய்யவில்லை.

நான் அதிக நேரம் யோசித்தது வேறொரு வரிசையைப் பார்த்துத்தான். மாத்திரையே இல்லாமல், மருத்துவரையும் பார்க்காமல், கவுன்சலிங் மட்டும் பெற்றவர்கள் 66.6இல் நின்றார்கள். அதாவது, என்னைப் போன்றவர் முழுப் பயிற்சியோடு பேசிய பேச்சு, போலி மாத்திரை கொடுத்து நலம் விசாரித்ததைவிடக் குறைவாகப் பலித்திருக்கிறது. அந்த நலம் விசாரிப்பு என்ன? 16 வாரத்தில் ஒன்பது சந்திப்பு. முதல் நாள் முக்கால் மணி நேரம், பிறகு இருபது நிமிடம். மாத்திரை போட்டீர்களா, தூக்கம் எப்படி, இந்த வாரம் குடித்தீர்களா, ஏன் என்று நினைக்கிறீர்கள், கல்லீரல் பரிசோதனை இப்படி வந்திருக்கிறது. அவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நம் ஊரில் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் யோகம். மருந்துக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் அந்த இருபது நிமிடத்துக்குப் பஞ்சம்.

குடிக்கு இப்படி. அபின் வகைப் போதையின் கணக்கு வேறு. இங்கேதான் என் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தேன். 'பிரவுன் சுகர்' என்னும் ஹெராயின் பிடித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அக்கா கொண்டுவந்து சேர்த்தார். முப்பது நாள். காலையில் யோகா, பகலில் குழு, மாலையில் என்னோடு தனியாகப் பேச்சு. பதினைந்தாம் நாளிலிருந்து நன்றாகச் சாப்பிட்டான், கேரம் ஆடினான், மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னான். மாற்று மாத்திரை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அவனுடைய அக்கா கேட்டபோது, 'ஒரு போதையை விட்டு இன்னொன்றா? அதெல்லாம் ஊன்றுகோல்' என்று சொன்னது நான்தான். நல்ல பையன், சுத்தமாகிவிட்டான் என்று வழியனுப்பினோம். பதினோராம் நாள் பழைய இடத்துக்குப் போய், பழைய அளவையே எடுத்திருக்கிறான். முப்பது நாள் விட்ட உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் பழக்கம் போயிருந்தது. மூச்சு நின்றுவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. 'நீங்க நல்லாத்தான் பேசினீங்க தம்பி' என்றார்.

ஸ்வீடனில் 40 பேரிடம் செய்த சிறிய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. எல்லோரும் ஹெராயினுக்கு அடிமையானவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி குழுச் சிகிச்சை, வாராந்தரத் தனிக் கவுன்சலிங். பாதிப் பேருக்கு மட்டும் புப்ரினார்ஃபின் என்ற மாற்று மாத்திரை தினமும். மறுபாதிக்குச் சில நாள் கொடுத்து நிறுத்திப் பிறகு போலி மாத்திரை. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் நான்கில் மூவர் சிகிச்சையில் இருந்தார்கள். போலி மாத்திரைக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த இருபது பேரில் நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதைப் படித்த இரவு எனக்குக் கேரம் பலகை ஞாபகம் வந்தது.

மாற்று மருந்து கொடுக்கும் இந்த வழியைத் திறந்தவர்கள் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும். 1964இல் தொடங்கி, 1965இல் 22 நோயாளிகளின் அனுபவத்தை எழுதினார்கள். மார்ஃபின் கொடுத்தபோது நோயாளிகள் அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதடோன் என்ற மருந்துக்கு மாற்றியதும் ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார், இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்றார். போதைக்காக அலையாத மனம்தான் அடுத்த பேச்சைக் காதில் வாங்கும்.

புப்ரினார்ஃபின் அரை டிக்கெட் பயணி. இருக்கையில் உட்காருவார், ஆனால் லேசாக, எழுப்பினால் எழமாட்டார். வேதனையும் ஏக்கமும் அடங்கும், ஒரு அளவுக்கு மேல் போதை ஏறாது. சென்னையில் 1990களில் இதே மருந்தின் ஊசியைப் போதைக்குப் போட்டுக்கொண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இன்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் நலாக்சோன் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். நாக்கின் அடியில் அது சும்மா இருக்கும். கரைத்து ஊசியில் ஏற்றினால் அபினுக்குப் பழகிய உடம்பை உலுக்கி எடுக்கும். பஞ்சாபில் 2017 அக்டோபரில் இந்த மாத்திரையை வெளிநோயாளர் மையங்களில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மருந்தே போதுமா என்றால் அதுவும் இல்லை. பிலடெல்பியாவில் மெதடோன் பெற்ற 92 முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்வு 1993இல் வந்தது. மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிய பிரிவில் நூற்றுக்கு 69 பேரின் நிலைமை மோசமாகி, பாதுகாப்பு கருதி வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கவுன்சலிங் சேர்ந்த பிரிவில் 41. வேலை, குடும்பச் சிகிச்சை, மருத்துவ உதவி எல்லாம் சேர்ந்த பிரிவில் 19. பிறகு வந்த சில ஆய்வுகளில் கூடுதல் கவுன்சலிங்கால் பெரிய லாபம் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 653 பேரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வு அவற்றில் ஒன்று. வலி மாத்திரைக்கு அடிமையானவர்கள். புப்ரினார்ஃபின் சாப்பிட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் தேறினார்கள், படிப்படியாக நிறுத்தியதும் தேறி நின்றவர்கள் நூற்றுக்கு 8.6 பேர்தான். கூடுதலாகப் பேசியும் இந்த எண் மாறவில்லை. ஆகவே என் தீர்ப்பு இது: அபின் வகைப் போதையில் மருந்து தரை, பேச்சு அதன்மேல் கட்டும் வீடு. கவுன்சலருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி ஒருவருக்கும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

வலி மாத்திரை என்றதும் வேற்றூர்க் கதை என்று நினைக்காதீர்கள். டேபென்டடால் மாத்திரைகளைப் பிடித்ததாக நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. பையன்கள் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். 'மெடிக்கல்ல விக்கிற மாத்திரைதானே சார்' என்கிறார்கள். அதுவும் அபின் குடும்பம்தான் என்று அவர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

'மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் விட்டதாக ஆகுமா?' இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டம் இல்லை. மாத்திரை சாப்பிடுவதால் குடி விட்ட 'பிறந்தநாள்' கொண்டாட வெட்கப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் சொந்தத் துண்டு வெளியீடே, எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. அதைவிடச் சுவையான செய்தி, மெதடோன் சிகிச்சையைக் கண்ட அதே டோல் அந்த அமைப்பின் அறங்காவலர் குழுவில் இருந்தவர். தம்மைத் தவறுதலாக அழைத்துவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டாராம். அமைப்பை நிறுவிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1971இல் இறப்பதற்குச் சில காலம் முன்பு அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? எங்கள் கூட்டங்களால் மீள முடியாமல் போனவர்களுக்கு, ஹெராயினுக்கு மெதடோன்போல, குடிக்கும் ஒரு மருந்து கண்டுபிடியுங்கள் என்று. பேச்சையே மருந்தாக்கிய மனிதர் மாத்திரை கேட்டிருக்கிறார். நானெல்லாம் எம்மாத்திரம்.

நம் ஊரில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வேனில் வந்து கை காலைப் பிடித்துத் தூக்கிப் போகும் 'மறுவாழ்வு மையங்கள்'. மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, பூட்டு மட்டும் உண்டு. தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றும் நிலை வரலாம். அதில் உயிரும் போகலாம். முறையான மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்க மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் ஊசியும் போடுவார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தபின் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, சிகிச்சைக்குள் குடும்பத்தையும் கொண்டுவந்து உட்கார வைத்தது. வழி தெரியாத ஊர் இல்லை நம்முடையது.

2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி குடிக்காக உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி. அபின் வகைப் போதைக்காக 77 லட்சம். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு ருசி இல்லாத மாத்திரை நான் சொல்லவில்லை. கணவரை ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றேன். வருவதற்கு ஏழு வாரம் ஆனது. வந்ததும் என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம், 'இனிமே என் முன்னாலயே குடுக்கச் சொல்லுங்க சார்' என்பது. மருத்துவர் அவருடைய இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்துவிட்டு நால்ட்ரெக்சோன் எழுதினார். காலைக் காபிக்குப் பிறகு, சமையலறை மேடை மேல் வைத்து, அவர் எடுத்துப் போட்டுக்கொள்ள, அம்மா நாள்காட்டியில் தேதியைச் சுழிப்பார். இடையில் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் தானே வந்தார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சாம்பாரில் மாத்திரை கலந்துகொண்டிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குடிப்பவரையே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.